போர் தொடுக்கும் அதிகாரம் யாருக்கு?

ஒரு நாட்டின் படைகளைப் போர்க்களத்திற்கு அனுப்பும் முடிவைத் தனியொருவரிடம் ஒப்படைக்கலாமா, அல்லது மக்கள் பிரதிநிதிகள் கூடிய சபையே அதனை எடுக்க வேண்டுமா? இவ்வினாவுக்கு அமெரிக்க அரசியல் சாசனம் எழுத்தில் அளித்த விடை ஒன்று. வரலாறு நடைமுறையில் அளித்த விடை வேறொன்று. அமெரிக்கப் படைகளின் நடமாட்டம் உலகின் பல நாடுகளைப் பாதிப்பதால், இவ்வேறுபாட்டை நாம் விளங்கிக்கொள்வது அவசியமாகிறது.

1787இல் பிலடெல்பியாவில் கூடிய சாசன அவை, மன்னர்கள் தம் விருப்பப்படி போர் தொடுத்த ஐரோப்பிய அனுபவத்தை நன்கறிந்திருந்தது. முதல் வரைவு, போர் 'நடத்தும்' அதிகாரத்தைக் காங்கிரசுக்கு வழங்கியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 17 அன்று, மாடிசனும் கெர்ரியும் அச்சொல்லைப் போர் 'பிரகடனம் செய்யும்' அதிகாரம் என மாற்றும்படி முன்மொழிந்தனர். திடீர்த் தாக்குதலை முறியடிக்கும் உரிமையை ஜனாதிபதிக்கு விட்டுவைப்பதே அவர்களது நோக்கம். இவ்வாறு, போரைப் பிரகடனம் செய்வதும், படை திரட்டுவதும், அதற்குப் பணம் ஒதுக்குவதும் காங்கிரசின் பொறுப்பாயின. தரைப்படைக்கான நிதியை ஒரே தடவையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒதுக்கலாகாது என்றும் விதிக்கப்பட்டது. ஜனாதிபதியோ முப்படைகளின் தலைமைத் தளபதியானார். தொடங்குபவர் ஒருவர், நடத்துபவர் மற்றொருவர் என்பதே இவ்வேற்பாட்டின் சாரம்.

ஆனால் முறையான பிரகடனத்துடன் அமெரிக்கா நடத்திய போர்கள் ஐந்தே. அவற்றுள் இறுதியானது இரண்டாம் உலகப் போர். 1950இல் ஜனாதிபதி ட்ரூமன் காங்கிரசின் அனுமதியின்றியே கொரியாவுக்குப் படைகளை அனுப்பினார். 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் ஒரு எதிர் வாக்குமின்றியும், செனட் சபையில் இரண்டே எதிர் வாக்குகளுடனும் நிறைவேறியது. அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டே வியட்நாம் போர் விரிந்தது. ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும், பன்மடங்கு அதிகமான வியட்நாமியரும் மாண்டனர்.

அக்கசப்பின் விளைவே 1973ஆம் ஆண்டின் போர் அதிகாரத் தீர்மானம். ஜனாதிபதி நிக்சனின் வீட்டோவை மீறி அது சட்டமாயிற்று. படைகளை மோதலில் ஈடுபடுத்தினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரசுக்கு அறிவிக்க வேண்டும். காங்கிரஸ் அனுமதிக்காவிடின் 60 நாட்களில் நடவடிக்கையை நிறுத்த வேண்டும். படைகளைப் பாதுகாப்பாகத் திரும்பப் பெற மேலும் 30 நாட்கள் உண்டு. ஜனாதிபதியின் ஒப்புதலின்றியே இரு சபைகளும் ஒரு தீர்மானத்தின் மூலம் படைகளைத் திருப்பியழைக்கலாம் என்றும் அது கூறியது.

இறுதியாகச் சொன்ன இவ்விதியே முதலில் வலுவிழந்தது. 1983இல் குடியேற்றம் தொடர்பான ஒரு வழக்கில், ஜனாதிபதியின் ஒப்பத்திற்கு அனுப்பப்படாத தீர்மானங்களுக்குச் சட்ட வலிமை இல்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 60 நாள் எல்லையும் சொல்விளக்கங்களால் தளர்ந்தது. 2011இல் லிபியா மீதான நடவடிக்கை அவ்வெல்லையைக் கடந்தபோது, அது சட்டம் குறிப்பிடும் 'பகைமை நடவடிக்கை' அன்று என ஒபாமா அரசு வாதிட்டது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குக் காரணமானோர் மீதும் அவர்களுக்கு அடைக்கலம் தந்தோர் மீதும் படைபலத்தைப் பயன்படுத்த வழங்கப்பட்ட அனுமதி, 2014இல் சிரியாவிலும் இராக்கிலும் ஐ.எஸ். அமைப்புக்கு எதிரான போருக்கும் ஆதாரமாகக் காட்டப்பட்டது. அந்த அனுமதியை எதிர்த்து இரு சபைகளிலும் வாக்களித்தவர் பார்பரா லீ என்ற ஒரே உறுப்பினர்.

இவற்றால் விளைந்த தலைகீழ் நிலையை யமன் விவகாரம் தெளிவாகக் காட்டுகிறது. அங்குச் சவூதி தலைமையிலான போருக்கு அளிக்கப்பட்ட அமெரிக்க உதவியை நிறுத்தக் கோரும் தீர்மானம், 2019இல் செனட்டில் 54க்கு 46 என்றும், பிரதிநிதிகள் சபையில் 247க்கு 175 என்றும் நிறைவேறியது. ஜனாதிபதி ட்ரம்ப் ஏப்ரலில் அதனை வீட்டோ செய்தார். அவ்வீட்டோவை முறியடிக்கச் செனட்டில் கிடைத்தவை 53 வாக்குகளே. தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிட்டவில்லை. சாசனத்தின்படி போரைத் தொடங்கவே பெரும்பான்மையின் சம்மதம் வேண்டும். நடைமுறையிலோ ஒருவர் தொடங்கிவிடலாம். அதனை நிறுத்தவோ மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டும்.

இதற்கு ஜனாதிபதிகளை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமன்று. பணப்பையின் கயிறு இன்றும் காங்கிரசின் கையிலேயே உள்ளது. 1973இல் இந்தோசீனப் போருக்கான நிதியை அது துண்டித்தபோது, கம்போடியா மீதான குண்டுவீச்சு அவ்வாண்டு ஆகஸ்டில் நின்றது. ஆனால் போருக்கு ஆதரவாகவோ எதிராகவோ வாக்களித்துப் பழியேற்பதைவிட, முடிவை ஜனாதிபதியிடம் விட்டுவிட்டுப் பின்னர் விமர்சிப்பது உறுப்பினர்களுக்கு எளிதாயிருக்கிறது. அதிகாரம் எப்போதும் பறிக்கப்படுவதில்லை. பல வேளைகளில் அது கைவிடப்படுகிறது.

குண்டுகள் விழும் ஊரின் மக்களுக்கு வாஷிங்டனில் வாக்குரிமை இல்லை. அவர்களுக்கென எஞ்சியிருக்கும் ஒரே பாதுகாப்பு, அனுப்புபவரைக் காரணம் கேட்கக் கடமைப்பட்ட ஒரு சபை மட்டுமே. அது கேட்கத் தவறும் ஒவ்வொரு தடவையும் அதன் விலையைக் கொடுப்பவர்கள் அச்சபையின் பெயரைக்கூட அறியாதவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.