கண் தெரியாத பிள்ளையை தத்தெடுத்தால் வீட்டில் என்னவெல்லாம் மாறும்?

திருச்சி:

தத்தெடுக்க பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் தம்பதிகள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். ஆரோக்கியமான கைக்குழந்தைதான் வேண்டும் என்றால் 3 வருஷத்துக்கு மேலும் ஆகிறது. ஆனால் அதே காப்பகங்களில், அழைத்துப் போக ஆள் வராமல் காத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. கண் தெரியாத பிள்ளைகள். சிலருக்கு கண்ணோடு சேர்த்து கை கால் பலவீனம், பேச்சு வராதது, புத்தி வளர்ச்சி தாமதம் என்று இன்னொரு பிரச்சினையும் இருக்கும். சட்டத்தில் இவர்களுக்கு 'சிறப்புத் தேவை உள்ள குழந்தைகள்' என்று பெயர். இவர்களில் பெரும் பகுதியினரை அழைத்துப் போவது வெளிநாட்டு தம்பதிகள்தான்.

நம்ம ஆட்களுக்கு மனசு இல்லாமல் இல்லை. பயம். கண் தெரியாத பிள்ளையை வீட்டில் வைத்து எப்படி வளர்ப்பது, யாரைக் கேட்பது என்று தெரியாத பயம். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

யார் எடுக்கலாம்?

ஆஸ்பத்திரி ஆயா சொன்னார், புரோக்கர் சொன்னார் என்று குழந்தை வாங்கினால் ஜெயில்தான். முறை தவறி தத்து கொடுத்தாலும் வாங்கினாலும் 3 வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் 5 வருஷம் வரை கடுங்காவல்.

சரியான வழி 'காரா' எனப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்வது. கம்ப்யூட்டர் தெரியாது என்றால் உங்கள் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு போங்க. அங்கே வழி சொல்வார்கள். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார். வாடகை வீடா என்று பயப்பட வேண்டாம். பிள்ளையை வளர்க்க வருமானமும் உடம்பும் மனசும் தாங்குமா என்றுதான் பார்ப்பார்கள்.

கல்யாணம் ஆகி 2 வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். 2 வயது வரை உள்ள குழந்தை என்றால் கணவன், மனைவி இருவர் வயசும் கூட்டினால் 85-ஐ தாண்டக்கூடாது. 2 முதல் 4 வயது வரை என்றால் 90. தனியாக வாழும் பெண்ணும் எடுக்கலாம். தனி ஆண் எடுக்கலாம், ஆனால் பெண் குழந்தையை தர மாட்டார்கள். பலருக்கு தெரியாத ஒன்று: ஏற்கனவே 2 பிள்ளை பெற்றவர்களுக்கு மற்ற குழந்தைகளை தத்து கொடுப்பதில்லை. சிறப்புத் தேவை உள்ள குழந்தை என்றால் அவர்களும் எடுக்கலாம்.

2022 செப்டம்பரில் இருந்து கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. தத்து உத்தரவை கலெக்டரே போடுகிறார். அதன் பிறகு 2 வருஷத்துக்கு, 6 மாதத்துக்கு ஒரு தடவை வந்து பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

டாக்டர் சீட்டு முக்கியம்

குழந்தையின் மருத்துவ அறிக்கையை உங்களுக்கு கொடுப்பார்கள். கையெழுத்து போடும் முன் அதை ஒரு கண் டாக்டரிடமும் குழந்தை டாக்டரிடமும் காட்டுங்க. 'கண் தெரியாது' என்ற ஒரே வார்த்தைக்குள் பல விஷயம் இருக்கிறது.

பிறவிக் கண்புரை என்றால் பிறந்த சில வாரங்களில் ஆபரேஷன் செய்திருந்தால் பார்வை நன்றாக வந்திருக்கும். தாய்க்கு கர்ப்பத்தில் ரூபெல்லா அம்மை வந்து பிறந்த பிள்ளை என்றால் கண்புரையோடு காது, இதயம் இரண்டையும் சோதிக்க வேண்டும். குறை மாதத்தில் பிறந்து விழித்திரை பிரிந்துபோன பிள்ளைகளும் உண்டு. இது முப்பது நாளைக்குள் கண் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடியது. கடந்த பிறகு திரும்ப வராது.

இன்னொரு வகை இருக்கிறது. கண் நன்றாகத்தான் இருக்கும். பிரசவத்தில் மூச்சுத்திணறி மூளையில் பார்வைக்கான பகுதி பாதிக்கப்பட்டிருக்கும். இந்தப் பிள்ளை காலையில் சிவப்பு பந்தை பார்க்கும், சாயங்காலம் பார்க்காது. கூட்டத்தில் ஒன்றுமே தெரியாது, அமைதியான அறையில் தெரியும். 'நேத்து பாத்தானே, இன்னிக்கு நடிக்கிறான்' என்று சொந்தக்காரர்களே சொல்வார்கள். நடிப்பு இல்லை. பயிற்சி கொடுத்தால் முன்னேற்றம் வரக்கூடிய வகை இதுதான். சுவரில் படமும் காலண்டருமாக தொங்கவிடாமல், கறுப்பு துணி மேல் மஞ்சள் கிண்ணம் என்று ஒரு நேரத்தில் ஒரே பொருளை காட்ட வேண்டும்.

அம்மாவை கண்டுகொள்ளாத குழந்தை

முதல் சில வாரம்தான் பெரிய சோதனை. பார்வை உள்ள குழந்தை அம்மாவைப் பார்த்ததும் சிரிக்கும், கையை நீட்டும். கண் தெரியாத குழந்தை அம்மா வரும் சத்தம் கேட்டால் ஆடாமல் அசையாமல் ஆகிவிடும். 'எவ்வளவு செஞ்சாலும் இதுக்கு என்னை பிடிக்கலையே' என்று புதுத் தாய் அழுவது இதனால்தான். உண்மையில் குழந்தை உன்னிப்பாக கேட்டுக்கொண்டிருக்கிறது. அதன் முகத்தை பார்க்காதீர்கள், விரல்களை பாருங்கள். சந்தோஷம் விரலில் தெரியும்.

துறையூர் பக்கம் அப்படி ஒரு வீட்டுக்கு போயிருந்தேன். ஊர், பேர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே தையல். பையனுக்கு பார்வை சுத்தமாக இல்லை, கால்களும் பலவீனம். அந்த அம்மா கல்யாணத்துக்கு பிறகு கழற்றி வைத்த கொலுசை திரும்ப மாட்டிக்கொண்டிருக்கிறார். கொலுசு சத்தம் அடுப்படியில் இருந்தால் அம்மா அடுப்படியில். வாசலுக்கு போனால் அம்மா வாசலில். பையன் அந்த சத்தத்தை நோக்கித்தான் தவழக் கற்றிருக்கிறான்.

இதில் விஷயம் இருக்கிறது. பார்வை உள்ள குழந்தை எதிரில் இருக்கும் பொம்மையை பிடிக்கத்தான் தவழ்கிறது. கண் தெரியாத குழந்தைக்கு எதிரில் ஒன்றுமே இல்லை. சத்தத்தை வைத்து அங்கே ஒரு பொருள் இருக்கிறது என்று புரிய ஒரு வயது நெருங்கிவிடும். அதனால் எல்லாமே தாமதமாகும்.

தூக்குவதற்கு முன் 'தூக்கப் போறேன்' என்று சொல்லணும். முகம் கழுவும் முன் தண்ணீரை கையில் தொடக் கொடுக்கணும். கையை பிடித்து இழுத்து பொருள் மேல் வைக்கக்கூடாது. உங்கள் கையை கீழே வைத்து, அவன் கையை மேலே வைக்கச் சொல்லி, சேர்ந்து தொடணும். இழுத்து இழுத்து பழக்கினால் கடைசியில் எதையுமே தொட மாட்டான்.

நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். கதவு முழுசாக திறந்திருக்கணும், இல்லாவிட்டால் மூடியிருக்கணும். பாதி திறந்த கதவின் ஓரத்தில்தான் நெற்றி உடையும்.

ராத்திரி 2 மணிக்கு எழுந்து விளையாடும் பிள்ளைகளும் உண்டு. வெளிச்சம் உள்ளே போகாததால் உடம்புக்கு பகல் எது, இரவு எது என்று தெரிவதில்லை. அடித்தால் சரியாகாது. குளியல், சாப்பாடு, தூக்கம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கணும். அப்படியும் தீராவிட்டால் டாக்டரிடம் கேளுங்க.

சாப்பாட்டில் பெரிய சண்டை நடக்கும். காப்பகத்தில் குழைந்த சோறே கொடுத்து பழக்கியிருந்தால் மெல்லத் தெரியாது, துப்பிவிடும். குழைந்த சோற்றில் இருந்து மசித்த இட்லி, பிறகு உதிர்ந்த இட்லி என்று மாசக்கணக்கில் மெதுவாகத்தான் போக வேண்டும்.

'பாப்பாவுக்கு தண்ணி வேணுமா?'

பேச்சு வந்ததும் இன்னொரு குழப்பம். பிள்ளைக்கு தாகம் எடுக்கும். 'எனக்கு தண்ணி வேணும்' என்று சொல்லாது. 'பாப்பாவுக்கு தண்ணி வேணுமா?' என்று அம்மா கேட்ட மாதிரியே சொல்லும். 'நான்', 'நீ' மாறி மாறி வரும். யார் யாரைப் பார்த்து பேசுகிறார்கள் என்று கண்ணால் பார்க்க முடியாததால் இப்படி. பலருக்கு வளர வளர சரியாகிவிடும். கண்ணை விரலால் அழுத்துவதும், உட்கார்ந்தபடியே முன்னும் பின்னும் ஆடுவதும் இவர்களிடம் அதிகம். கைக்கு வேலை கொடுங்கள், குறையும். பேச்சில் ரொம்ப காலம் முன்னேற்றமே இல்லை என்றால் ஆட்டிசம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தெரு வாய்

'உங்க பிள்ளைங்க இருக்கும்போது இது எதுக்கு?' 'எந்த ஜென்மத்து பாவமோ?' இதெல்லாம் பிள்ளை எதிரிலேயே கேட்பார்கள். கண்தான் தெரியாது, காது கேட்கும் என்பது பாதிப் பேருக்கு நினைவு இருப்பதில்லை. அதனால்தான், தத்து எடுத்த விஷயத்தை சின்ன வயசிலேயே நீங்களே சொல்லிவிடுங்கள். அடுத்த வீட்டு திண்ணையில் இருந்து தெரிந்துகொள்வதைவிட அம்மா மடியில் கேட்பது மேல்.

பெற்ற பிள்ளைகளையும் கவனிக்கணும். எல்லாரும் தம்பியையே பார்த்தால் அக்காவுக்கு கோபம் வரத்தான் செய்யும். வாரத்தில் அரை நாளாவது அவளுக்கென்று ஒதுக்குங்கள்.

எங்கே போவது?

முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அடையாள அட்டை அங்கேதான். 40 சதவீத பாதிப்பு இருந்தால் பெரும்பாலான சலுகைகள் உண்டு. கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாநில அரசின் மாத பராமரிப்பு உதவித்தொகை 2023-ல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முழுசாக பார்வை இல்லாதவர் துணைக்கு ஒருவரோடு ரயிலில் போனால் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பரில் இருவருக்கும் 75 சதவீதம் கட்டணச் சலுகை.

சின்னக் குழந்தை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு உடனே போங்க. கண்ணோடு வேறு பாதிப்பும் சேர்ந்திருந்தால் சென்னையை ஒட்டி முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. அதன் வேலையே பலவகை பாதிப்பு உள்ளவர்களுக்கானதுதான். பள்ளி வயதில் வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியரை கேளுங்கள். திருச்சி புத்தூரில் பார்வையற்ற பெண் பிள்ளைகளுக்கு அரசு பள்ளி உள்ளது. பாளையங்கோட்டையில் 100 வருஷத்துக்கு மேல் பழமையான பள்ளி ஒன்று நடக்கிறது.

படித்தால் எங்கே போகலாம்? சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைனுக்கு சுத்தமாக பார்வை இல்லை. 2015-ல் இந்திய வெளியுறவுப் பணிக்கு போனார். மதுரை பூர்ண சுந்தரி 2020-ல் ஐ.ஏ.எஸ். தேர்வு முடிவில் 286-வது இடம். ஆனால் எல்லாப் பிள்ளையும் கலெக்டர் ஆகாது. கூடவே மூளை பாதிப்பும் உள்ள பிள்ளை தானாக சட்டை மாட்டிக்கொள்வதே அந்த வீட்டுக்கு பெரிய பரீட்சை பாஸ்.

52 வயதில் ஒரு தாய்

அமெரிக்காவில் மேவிஸ் அல்ல, மே லெம்கி என்ற நர்ஸ். வயது 52. 5 பிள்ளை பெற்றவர். 1952-ல் பிறந்த லெஸ்லி என்ற குழந்தையை 6 மாதத்தில் வீட்டுக்கு தூக்கி வந்தார். குறைமாதம், கண் நோயால் இரண்டு கண்களும் எடுக்கப்பட்டுவிட்டன, மூளையும் பாதிப்பு. பாலை உறிஞ்சவே தெரியாது. கன்னத்தோடு வாய் வைத்து சப்தம் எழுப்பி உறிஞ்சக் கற்றுக்கொடுத்தார். லெஸ்லி எழுந்து நிற்க 12 வயது ஆனது. நடக்க 15.

அதன்பின் ஒரு ராத்திரி, டி.வி.யில் கேட்ட பெரிய பியானோ இசையை யாரும் சொல்லித்தராமல் அப்படியே வாசித்தார் லெஸ்லி. உலகம் அதைத்தான் பேசியது, சினிமாகூட எடுத்தார்கள். எனக்கென்னவோ பியானோவைவிட, ஒரு பலனும் தெரியாத அந்த முதல் 12 வருஷம்தான் பெரிசாக தெரிகிறது.

மே லெம்கிக்கு வயசான காலத்தில் மறதி நோய் வந்தது. 1993-ல் இறந்தார். அதன் பிறகு லெஸ்லியை பார்த்துக்கொண்டவர் அவர் பெற்ற மகள் மேரி.

எங்களுக்கு அப்புறம் யார்?

துறையூர் வீட்டிலும் இதே கேள்விதான். அந்த அப்பாவுக்கு ராத்திரி தூக்கம் வராததற்கு காரணம் செலவு இல்லை, இதுதான்.

கண் மட்டும் தெரியாதவர் 18 வயதானால் மற்றவர்கள் மாதிரிதான். சொத்து, வங்கிக் கணக்கு எல்லாம் அவரே பார்த்துக்கொள்ளலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், புத்தி வளர்ச்சி குறைவு, பலவகை பாதிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் 1999-ம் வருஷத்து தேசிய அறக்கட்டளை சட்டத்தில் சட்டப்பூர்வ பாதுகாவலர் நியமிக்கலாம். கலெக்டர் தலைமையிலான உள்ளூர் குழு இதை முடிவு செய்கிறது. பெற்றோர்தான் வர வேண்டும் என்றில்லை. அக்கா, சித்தப்பா யாராவது பொறுப்பேற்க முன்வந்தால் அவர்களையும் நியமிக்கலாம். இதே அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். பேச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி சிகிச்சைக்கும் அதில் இடம் உண்டு. இரண்டுக்கும் எப்படி விண்ணப்பிப்பது என்று மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். பிள்ளையின் அடையாள அட்டை நகலையும் தத்து உத்தரவு நகலையும் மறக்காமல் எடுத்துப் போங்க.