மஞ்சள் கரிசலாங்கண்ணி

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வாழும் தமிழன்பர்கள், வாயிலில் ஒரு முழம் மண்ணிருப்பினும் அதில் துளசியோ கறிவேப்பிலையோ வைக்காமல் இருப்பதில்லை. சூரியகாந்தி வளர்க்க ஆசைப்படுவோரும் உளர். எண்ணெய்க்கெனப் பயிராகும் சூரியகாந்தி வட அமெரிக்காவினின்று வந்தது. வித்து முதிர்ந்ததும் மடிந்துவிடும். அந்நாட்டுப் புல்வெளிகளில் மேக்சிமிலியன் சூரியகாந்தி என்று வேறொன்று உண்டு. அது தண்டு பட்டாலும் வேரில் உயிர் வைத்திருந்து ஆண்டுதோறும் தழைப்பது. அக்குடும்பத்தில் அவ்வாறு பல்லாண்டு வாழும் செடி நம் நாட்டில் இல்லையோ எனின், உண்டு. அதுவே மஞ்சள் கரிசலாங்கண்ணி. பொற்றலைக் கையாந்தகரை என்பதும் இதன் பெயரே.

இதனைத் தேடுவோர் ஏமாறுவதற்கு இடமுண்டு. பெங்களூர்ச் சாலை நடுவிலும் பூங்கா ஓரங்களிலும் பாய் விரித்தாற்போல் படர்ந்து மஞ்சட்பூப் பூக்கும் கொடியைக் கரிசலாங்கண்ணியென்று பறித்துச் செல்வோர் உண்டு. அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொணரப்பட்டது. 2000ஆம் ஆண்டில் வெளியான உலகின் நூறு கொடிய அயல்வரவு உயிரினங்களின் பட்டியலிலும் இடம் பெற்றது. பூவை நோக்கினால் வேறுபாடு தெரியாது, இலையை நோக்குக. அயற்கொடியின் இலை பளபளப்பாய், அகன்று, பெரும்பாலும் மூன்று மடலாய்ப் பிரிந்திருக்கும். நம் செடியின் இலையோ ஒடுங்கி நீண்டு, மடலின்றி, தொட்டால் சொரசொரப்பாயிருக்கும். ஐயமிருப்பின் சமையலுக்குப் பறித்தல் வேண்டா.

கன்னடத்தார் கரகத சொப்பு என்று கூறுவது பெரும்பாலும் வெண்பூப் பூக்கும் கரிசலாங்கண்ணியையே. ஆகையால் சந்தையில் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் போதாது. ஊருக்குச் செல்லும்போது, செடியை நன்கறிந்தவர் வீட்டிலிருந்து நான்கு தண்டுகளை ஈரத்துணியில் சுற்றிக் கொணர்வதே மேல்.

விதைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு மூன்று கணுக்களுள்ள தண்டை, ஒரு கணு மண்ணுள் புதையுமாறு நட்டால் அங்கே வேர் பிடிக்கும். வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளர்ந்து பழகிய செடியாதலின் ஈரம் இதற்கு உயிர். செம்மண்ணில் மக்கிய சாணவெருவைக் கலந்து, வாயகன்ற தொட்டியில் வைக்கலாம். குழாயடியாயின் இன்னும் நன்று, சோப்பு நீர் மட்டும் சேரலாகாது. காலை வெயில் போதும். கோடைமழைக்குப்பின் நட்டால் பெங்களூரின் ஐப்பசி மழைக்குள் தொட்டி நிரம்பிவிடும். மார்கழிக் குளிரில் வளர்ச்சி சற்றே தளரும். பட்டுவிட்டதென்று பிடுங்கி எறியற்க.

கீரைக்கு நுனிகளை மட்டும் கிள்ளுக. கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளைகள் எழும். பாசிப்பருப்புடன் கூட்டாக்கினால் இலேசான கசப்பு அடங்கிவிடும்.