பாட்டை விழுங்கும் கேபிள்

தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் முழங்கச் சிங்கப்பூரில் 1973 முதல் தடை இருந்தது. 2016இல் அது கொஞ்சம் தளர்ந்தது. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசை அனுமதிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று டோபி காட் கிரீன். காவடி எடுத்து வருபவருக்குத் தவில் சத்தம் கேட்டாலே கால் தானாக எழும். இப்படியொரு மேடையில் மிக்சருக்குப் பின்னால் நிற்பவரின் கவலையோ வேறு. நாகஸ்வரத்துக்கு ஒரு மைக், தவிலின் இரு பக்கத்துக்கும் இரண்டு, பாடுபவருக்கு ஒன்று, ஒரு கீபோர்டு, இடைவேளையில் பாட்டுப் போட யாராவது நீட்டும் கைப்பேசி. எல்லாம் ஒரே பெட்டிக்குள் போக வேண்டும்.

புதிதாக மிக்சர் வாங்குபவர்கள் துளைகளைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள். எது எதில் நுழையும் என்பது சின்ன விஷயம். கம்பிக்குள் என்ன ஓடுகிறது என்பதே பெரிய விஷயம்.

மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். கீபோர்டு போன்றவை தரும் லைன் சிக்னல் ஏறக்குறைய ஒரு வோல்ட். ஆம்பிளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போவது பல பத்து வோல்ட். வம்பு என்னவென்றால், இந்த மூன்றையும் 6.35 மி.மீ. ஜாக்கில் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி நிலையங்களில் இணைப்புக் கொடுக்கப் பிறந்த ஜாக் அது. சென்னை ரிச்சி தெருவில் 'பி-38' என்று கேட்டு வாங்குவார்கள். கிடார்க் கேபிளைப் பவர் ஆம்பிளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மாட்டினால் பாட்டு வரும்தான். ஆனால் உள்ளிருக்கும் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்துக்கானது அல்ல; சூடேறும், ஆம்பிளிஃபயரையும் கெடுக்கும். லிக்டென்ஸ்டைன் நாட்டு நியூட்ரிக் நிறுவனம் 1987இல் கொண்டுவந்த, திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் இணைப்பை வேறு எதிலும் தவறிச் செருக முடியாது. அதன் பெருமையே அதுதான்.

மைக்குக்கு வருவோம். மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்பு அமெரிக்காவின் கேனன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் படைப்பு. முதல் பின் எர்த். இரண்டாவதில் சிக்னல் நேராகவும், மூன்றாவதில் அதே சிக்னல் தலைகீழாகவும் வரும். மேடையிலிருந்து மிக்சர் வரை முப்பது மீட்டர் ஓடும் கேபிள், வழியில் விளக்குக் கம்பி, ஜெனரேட்டர் என்று எல்லாவற்றின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். அந்த இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில், ஒரே திசையில் ஏறுகிறது. மிக்சர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. இரைச்சல் பூஜ்யமாகிவிடும், தலைகீழாக வந்த சிக்னல் நேரானதோடு சேர்ந்து இரட்டிப்பாகும். பள்ளிக்கூடக் கணக்குத்தான், ஆனாலும் ஒலித்துறையில் இவ்வளவு அழகான யோசனை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதே கழித்தல்தான் பாட்டையும் விழுங்கும். கைப்பேசியின் 3.5 மி.மீ. ஸ்டீரியோ ஜாக்கில் நுனி இடது, வளையம் வலது. ஒரு முனை 3.5, மறுமுனை எக்ஸ்எல்ஆர் என்று ஒரு கேபிள் கடையில் கிடைக்கிறதே என்று வாங்கி மைக் வழியில் செருகுகிறார்கள். பெரும்பாலும் அதில் இடது இரண்டாம் பின்னுக்கும் வலது மூன்றாம் பின்னுக்கும் போயிருக்கும். மிக்சருக்கு ஸ்டீரியோ என்று தெரியாது, வழக்கம்போல் கழித்துவிடும். பாடகர் குரல் இரு பக்கமும் சமமாகப் பதிவானது, ஆகவே அதுதான் முதலில் காணாமல் போகும். மிஞ்சுவது குரலின் எதிரொலியும், ஓரமாக ஒலிக்கும் வயலின்களும். "ஸ்பீக்கர் போச்சு" என்று ஆளாளுக்குப் பெட்டியைத் தட்டுவார்கள்.

அந்த நேரத்தில் பேன்டம் பவர் பொத்தான் அமுங்கியிருந்தால் இன்னும் மோசம். மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக்குகளுக்காக மைக் கம்பியிலேயே 48 வோல்ட் அனுப்பும் ஏற்பாடு அது. 1966இல் நார்வே ஒலிபரப்பு நிலையத்துக்காக நாய்மன் நிறுவனம் செய்த மைக்கிலிருந்து வந்த வழக்கம். நிலையத்தின் அவசர விளக்குகளுக்கு ஏற்கெனவே 48 வோல்ட் இருந்ததால் அந்த எண்ணே நிலைத்துவிட்டது. சரியாகச் சேர்த்த கேபிளில் சாதாரண டைனமிக் மைக்கை அது ஒன்றும் செய்யாது. கைப்பேசியைப் பழுதாக்கக்கூடும்.

'உர்ர்ர்' என்ற இடைவிடாத உறுமல் வேறு கதை. மிக்சர் ஒரு பிளக்கிலும் மடிக்கணினி தூரத்துப் பிளக்கிலும் இருந்தால், எர்த்துக்கு இரண்டு பாதைகள் உண்டாகி நடுவே ஒரு வளையம் விழும். அதில் சுற்றும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான் கேட்கிறது. இரண்டையும் ஒரே நீட்டிப்பு போர்டில் மாட்டிப் பாருங்கள். போகாவிட்டால் நடுவே டிஐ பாக்ஸ் என்ற இணைப்புப் பெட்டியை வைத்து, கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டலாம். மின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து உறுமலை நிறுத்தும் 'நிபுணர்' உங்களுக்கு வாய்த்தால், அவரை மைக்கைத் தொடும் தூரத்தில் விடாதீர்கள். ஏதாவது கசிந்தால், எர்த் இல்லாத அந்த மின்சாரம் பாடுகிறவர் கை வழியாகத்தான் இறங்கும்.

டோபி காட்டிலிருந்து, மின்னணுப் பொருள் கடைகள் உள்ள ஜாலான் புசார் சிம் லிம் டவர் நடக்கும் தூரம்தான். அங்கே போய் 'ஒரு ஜாக் கேபிள்' என்று மட்டும் கேட்டால் எதுவும் வரலாம். "கைப்பேசியிலிருந்து மிக்சரின் இரண்டு லைன் வழிகளுக்கு, இந்தப் பக்கம் 3.5 ஸ்டீரியோ, அந்தப் பக்கம் 6.35 மோனோ இரண்டு" என்று சொல்லுங்கள். இப்போதைய கைப்பேசிகள் பலவற்றில் 3.5 துளையே இல்லை. யூஎஸ்பி-சி மாற்றுத்துண்டும் கேட்டு வாங்க வேண்டும். துளை இருந்தால், கைப்பேசியை அதன் தடித்த உறையோடு கொண்டுபோய், ஜாக் முழுதாக உள்ளே இறங்குகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.