கரடிக்கு விதி உண்டு, களைப்புக்கு?

நீ-ஓலெசுண்டில் கதவுகளைப் பூட்டி வைப்பதில்லை. தெருவில் பனிக்கரடி எதிர்ப்பட்டால், பக்கத்தில் எந்தக் கதவு இருக்கிறதோ அதற்குள் ஓடி நுழைந்துகொள்ள வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், வட அட்சம் 79 பாகையை ஒட்டி இருக்கிறது இந்தச் சிற்றூர். குளிர்காலத்தில் முப்பது நாற்பது பேர், கோடையில் நூற்றுக்கும் மேல். பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் இங்கே இருக்கின்றன. கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் கடல் ஆய்வு மையம் நடத்தும் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையமும் 2008 ஜூலை முதல் இங்கேதான் இயங்குகிறது. சாதாரணமாக எட்டுப் பேர் தங்கலாம். ஊர் எல்லையைத் தாண்டிப் போகிறவர் கரடியை விரட்டும் கருவி இல்லாமல் போகக் கூடாது. துப்பாக்கி எடுத்துச் செல்ல முதலில் பயிற்சி வேண்டும். ஒரு கரடி சுடப்பட்டால் ஸ்வால்பார்ட் ஆளுநர் அலுவலகம் விசாரணை நடத்தும். இத்தனை ஏற்பாட்டுக்கும் பலன் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் தீவுகளின் முக்கிய ஊரான லாங்யியர்பியனில் கூடாரத்தில் தங்கியிருந்த ஒருவரைக் கரடி கொன்றது. 1971க்குப் பிறகு ஸ்வால்பார்டில் கரடியால் நேர்ந்த ஆறாவது உயிரிழப்பு அது. ஏறக்குறைய அரை நூற்றாண்டில் ஆறு.

ஒரு ஆபத்தை மூன்று ஏற்பாடுகள் அடக்கி வைத்திருக்கின்றன: எழுதி வைத்த விதி, புறப்படும் முன்பே கட்டாயப் பயிற்சி, தவறு நடந்தால் கேள்வி கேட்க வெளியிலிருந்து ஓர் அதிகாரம். துருவ நிலையத்துக்குக் கோடைக்கால வேலைக்குப் போகிறவரைச் சூழும் மற்ற ஆபத்துகளுக்கும் இதே மூன்றைக் கேட்டுப் பெறலாம் என்பது பெரும்பாலோர் நினைவுக்கே வருவதில்லை. உறவினர் கேட்பதும் கரடியைப் பற்றித்தான், செய்தியில் வருவதும் கரடிதான். அங்கே அன்றாடம் ஆளைத் தேய்ப்பது வேறு. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை சூரியன் மறைவதில்லை. இருட்டு வந்து வேலையை நிறுத்தி வைக்காத ஊரில், இரவு பதினோரு மணிக்கும் இன்னொரு மாதிரி எடுத்துவிடலாம் என்று தோன்றும். தூக்கம் கலைகிறது, தீர்மானம் மங்குகிறது, ஆனால் வெளிச்சம் இருப்பதால் களைப்பு களைப்பாகத் தெரிவதில்லை. ஊரை ஒட்டிய கோங்ஸ்ஃபியோர்டின் தண்ணீர் கோடையிலும் சில பாகை செல்சியஸ்தான். அதில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம் என்பது குளிர்நீர் மீட்பாளர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. உயிர்காக்கும் உடையின்றிப் படகில் ஏறக் கூடாது என்பதற்கு அந்தப் பத்து நிமிடமே காரணம். பனியாற்றின் விளிம்பிலிருந்து பாளங்கள் உடைந்து விழும். பழைய பனி மூடிய பிளவு கண்ணுக்குத் தெரியாது. இவற்றில் எதையும் துப்பாக்கி தடுக்காது. இன்று வேண்டாம் என்று ஒருவர் சொல்வதுதான் தடுக்கும்.

அதைச் சொல்லத்தான் வாய் வருவதில்லை. ஆய்வுப் பருவம் சில வாரங்கள். விமானம் தாமதமானால் அதிலும் சில நாள் போய்விடும். இன்று போகாவிட்டால் ஓர் ஆண்டின் தரவு இல்லை என்ற கணக்கு எல்லார் மனத்திலும் ஓடுகிறது. முனைவர் பட்ட மாணவருக்கோ, வேண்டாம் என்று யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த ஆளும் தன் ஆய்வேட்டில் கையெழுத்திட வேண்டிய ஆளும் ஒருவரே. உற்பத்தி இலக்கு எச்சரிக்கையை அமுக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. நீ-ஓலெசுண்ட் முன்பு நிலக்கரிச் சுரங்க ஊர். 1948, 1952, 1953 என்று வெடிப்புகளில் தொழிலாளர்கள் இறந்தும் சுரங்கம் ஓடியது. 1962 நவம்பரில் நடந்த வெடிப்பில் 21 பேர் மாண்டார்கள். சுரங்கம் அரசு நிறுவனத்துடையது. பாதுகாப்புக் குறைபாடுகளை விசாரணை வெளிக்கொணர்ந்தது. 1963இல் நார்வே நாடாளுமன்றம் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் பிரதமர் கெர்ஹார்ட்சனின் அரசைக் கவிழ்த்தது. சுரங்கம் மூடப்பட்ட பின்னரே இது அறிவியல் ஊரானது. அன்று சுரங்கத்தை நடத்திய கிங்ஸ் பே நிறுவனம்தான் இன்றும் ஊரை நிர்வகிக்கிறது, சாப்பாட்டுக்கூடம் உட்பட.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆபத்தான நிலத்தில் ஒருவர் சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்படத்தான் வேண்டும். பனியாற்றின் நடுவில் நின்றுகொண்டு வாக்கெடுப்பு நடத்த முடியாது. சரிதான், ஆனால் கட்டளை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். திரும்பு, நில், படகை விட்டு இறங்கு என்று ஆபத்தைக் குறைக்கும் கட்டளைக்குக் குழுத்தலைவரின் சொல்லே முடிவு, மறுபேச்சு கூடாது. போ, தாண்டு, இன்னும் ஒரு மணி நேரம் என்று ஆபத்தைக் கூட்டும் கட்டளைக்கு மட்டும், குழுவில் மிக இளையவரின் மறுப்பு ஒன்றே போதும், அதற்கு அவர் காரணம் நிரூபிக்க வேண்டியதில்லை என்று விதி இருக்க வேண்டும். பயணத்துக்கு முன் கையெழுத்தாகும் பாதுகாப்புத் திட்டத்தில் இந்த ஒரு வரியைச் சேர்க்கக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. தலைவரின் அதிகாரம் இதனால் குறையாது; அவசர நேரத்தில் எவரும் எதிர்த்துப் பேசாமல் கேட்பார்கள்.

இன்னோர் ஆபத்தைப் பற்றி நிலையங்களே பேசத் தயங்கின. களப்பணி ஆய்வாளர்கள் 666 பேரிடம் நடத்தி 2014இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியான ஆய்வில், 64 விழுக்காட்டினர் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் உடல்ரீதியான அத்துமீறலைச் சொன்னார்கள். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் மாணவ நிலையில் இருந்தோர். பெண்களிடம் அத்துமீறியவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்கு மேலிருந்தவர்கள். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் 2022ஆம் ஆண்டு அண்டார்க்டிகா அறிக்கையில், பதிலளித்த பெண்களில் 59 விழுக்காட்டினர் அங்கே தாங்கள் துன்புறுத்தலையோ தாக்குதலையோ அனுபவித்ததாகக் கூறினார்கள். 2014 ஆய்வில் பங்கேற்றவர்கள் தாமாக முன்வந்தவர்கள், எனவே எண் மிகையாக இருக்கலாம் என்பார் உண்டு. இருக்கட்டும், பாதியாகக் குறைத்தாலும் கரடியைவிடப் பெரிய ஆபத்துதான். அதே ஆய்வில் பாதிப் பேருக்கும் குறைவானோருக்கே தாங்கள் வேலைசெய்த களத்தில் நடத்தை விதி என்று ஒன்று இருந்ததாக நினைவு.

இந்தியாவிலிருந்து போகிறவருக்குச் சட்டம் இங்கேயே நின்றுவிடுவதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, வேலையின் பொருட்டுச் செல்லும் இடத்தையும் பயணத்தையும் பணியிடமாகவே கொள்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறை களப்பயணத்தை வளாகத்தின் நீட்சியாகக் கருதுகிறது. ஆண் மாணவரும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படலாம் என்பதையும் ஏற்கிறது. ஆக, தன் நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் புகார் தரலாம். நிகழ்ந்த நாளிலிருந்து, அல்லது தொடர்ந்து நடந்திருந்தால் கடைசி நிகழ்விலிருந்து, 3 மாதக் கெடு. தக்க காரணம் காட்டினால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். ஊர் திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கையில் கெடு ஓடிக்கொண்டிருக்கும். விசாரணை முடியும்வரை, புகாருக்கு உள்ளானவர் 2013 சட்டத்தின்படி புகார் தந்த பெண்ணின் பணியை மதிப்பிடவோ ஆய்வை வழிநடத்தவோ கூடாது என்று இடைக்கால ஏற்பாடும் கேட்கலாம். வழிகாட்டிக்கு எதிராகப் புகார் சொல்லத் தயங்குவோர் அறிய வேண்டிய பிரிவு இது. குற்றமென்றால் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 1925ஆம் ஆண்டின் ஸ்வால்பார்ட் சட்டப்படி நார்வேயின் குற்றவியல் சட்டம் அந்தத் தீவுகளில் செல்லும். யார் எந்த நாட்டவர் என்பது பொருட்டல்ல. ஆளுநர் அலுவலகமே காவல்துறையும் ஆகும்.

பணம் சார்ந்த காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லாங்யியர்பியன் மருத்துவமனை சிறியது. நிலைமை மோசமானால் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தெற்கே நார்வேயின் நிலப்பகுதியில் உள்ள ட்ரோம்சோவுக்குத்தான் கொண்டுபோவார்கள். எனவே காப்பீட்டில் தேடுதல்-மீட்பு, நிலப்பகுதிக்கு விமானத்தில் மாற்றுதல் இரண்டும் பெயர் சொல்லி இருக்க வேண்டும். பனியாற்று நடையும் படகு வேலையும் சாகச விளையாட்டு என்று விலக்கப்படாமல் இருக்க வேண்டும். உதவித்தொகை பெறும் ஆய்வு மாணவரைத் தன் ஊழியர் அல்லர் என்று நிறுவனம் நாளை வாதிட இடமிருப்பதால், அவர் பெயரும் காப்பீட்டில் தனியே வேண்டும். விசாவிலும் ஒரு பொறி இருக்கிறது. ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம், ஆனால் ஓஸ்லோ வழியாகப் போக ஷெங்கன் விசா வேண்டும். ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், திரும்பி வருவது இரண்டாம் நுழைவு. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு போனவருக்குத் திரும்பும் வழியில் சிக்கல் காத்திருக்கும்.

இவ்வளவு காகிதம் சேர்ந்தால் குழுவின் இணக்கம் கெடாதா என்று மூத்த ஆய்வாளர்கள் கேட்பதுண்டு. துப்பாக்கிப் பயிற்சியால் எந்தக் குழுவின் இணக்கமும் கெட்டதாகத் தெரியவில்லை. சிறு குழுவில் உண்மையான இடைஞ்சல் வேறு. ஊரில் உள்ள ரேடியோ தொலைநோக்கிகளுக்காக 20 கிலோமீட்டர் ஆரத்துக்குள் வைஃபை, புளூடூத் எல்லாம் அணைத்து வைக்க வேண்டும். கம்பி வழி இணையம்தான். எட்டுப் பேர் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில், யாருக்கும் தெரியாமல் உள்ளகக் குழுவுக்கு ஒரு கடிதம் அனுப்ப எந்தக் கணினியில் உட்காருவது? இதற்கான பதிலைக் குழுவுக்கு வெளியே உள்ள ஒருவரோடு கோவாவிலோ சொந்தப் பல்கலைக்கழகத்திலோ பேசி முடித்திருக்க வேண்டும்: எந்த எண், எந்த நேரம், சாதாரண நலம் விசாரிப்பு போல் தோன்றும் எந்தச் சொல் வந்தால் உதவி தேவை என்று அர்த்தம். லாங்யியர்பியனில் நீ-ஓலெசுண்டுக்குப் போகும் சிறிய விமானத்தில் ஏறும்போது கைபேசியின் அலைவரிசைகளை அணைத்துவிடுவார்கள். அந்த எண் அதற்குள் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பைக்குப் போயிருக்க வேண்டும்.