மனத்திற்கும் ஒரு கணக்கேடு



தோட்டத்தில் வாழும் நமக்குக் கணக்கு புதிதன்று. பால்மரம் சீவினாலும் செம்பனைக் குலை வெட்டினாலும், அன்றைய வேலை அன்றே ஏட்டில் ஏறிவிடுகிறது. வேலைக்கு வந்தவர் யார், வராதவர் யார், எத்தனை கிலோ, எத்தனை குலை என்று கிராணியார் செக்ரோலில் பதிந்துகொள்கிறார். ஒரு நாள் கணக்கை மட்டும் வைத்து ஒருவருடைய உழைப்பை யாரும் அளப்பதில்லை. அன்று மழை பெய்திருக்கலாம்; உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கலாம். மாத முடிவில் கூட்டிப் பார்க்கும்போதுதான் உண்மை நிலை தெரிகிறது.

கையுழைப்புக்கு இவ்வளவு கவனமாகக் கணக்கு வைக்கும் நாம், மனத்திற்குக் கணக்கு வைப்பதில்லை. "போன மாதம் எப்படிப் போனது?" என்று ஒருவரைக் கேட்டால், "என்னத்தைச் சொல்ல, எல்லாம் கஷ்டந்தான்" என்கிறார். மற்றொரு நாள் கேட்டால், "பரவாயில்லை, ஓடுகிறது" என்கிறார். கேட்ட மாதம் ஒன்றேதான், விடை இரண்டு. மனம் கசந்திருக்கும்போது கசந்த நாள்களே முன்வந்து நிற்கின்றன. மனம் தெளிந்திருக்கும்போது நல்ல நாள்கள் முன்வருகின்றன. நினைவின் இயல்பு அப்படி. ஆகவே, நினைவை மட்டும் நம்பி நம் மனநிலையை அறிய முடியாது. அதற்கு ஓர் ஏடு வேண்டும். அந்த ஏடுதான் நாட்குறிப்பு.

நாட்குறிப்பு எழுதுவது நம் இனத்தாருக்குப் புதிய பழக்கமும் அன்று. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை என்னும் வணிகர் வாழ்ந்தார். ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாகவும் அவர் பணியாற்றினார். 1736ஆம் ஆண்டு தொடங்கி, இறந்த ஆண்டாகிய 1761 வரையில், ஏறக்குறைய 25 ஆண்டுகள் தம் காலத்துப் பேச்சுத் தமிழிலேயே நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த செய்தி, சரக்கு வியாபாரம், அதிகாரிகளின் பேச்சு, தம் சொந்தக் கவலை எல்லாம் அதில் உண்டு. இன்று அக்காலத்து வரலாற்றை ஆராய்வோருக்கு அது பெரும் புதையல். ஒரு நாளின் குறிப்பு சிறியதாகத் தோன்றலாம். பல நாள் குறிப்புகள் ஒன்று சேரும்போது அவை புதிய செய்தியைச் சொல்கின்றன. அதுபோல் நம் வீட்டு நோட்டுப் புத்தகமும் நம்மைப் பற்றி நமக்கே சொல்லும். ஆனால், எழுதி மூடி வைத்தால் போதாது. எண்ணிப் பார்க்க வேண்டும். எப்படி எண்ணுவது என்பதையே இன்று காண்போம்.

முதலில், எழுதும் முறை. படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். தேதியைப் போடுங்கள். முந்திய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று எழுதுங்கள். அன்று நடந்ததை நான்கு வரியில் எழுதுங்கள். கடைசியில் அன்றைய மனநிலைக்கு 1 முதல் 5 வரை ஓர் எண் கொடுங்கள். மிகவும் சோர்ந்த நாளுக்கு 1. மிகவும் நல்ல நாளுக்கு 5. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள், சுவரில் தொங்கும் குதிரைக் காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்திற்குள் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி வைத்தாலும் போதும். அதுவும் நாட்குறிப்பே.

இதில் ஒரு விதியை மறக்கக் கூடாது. நாள்தோறும் ஒரே வேளையில் எழுத வேண்டும். மனம் நொந்த நாளில் மட்டும் எழுதினால், ஆண்டு முடிவில் ஏட்டைத் திறக்கும்போது வாழ்க்கை முழுவதும் அழுகையாகவே தோன்றும். அது வாழ்க்கையின் குற்றமன்று. எழுதிய பழக்கத்தின் குற்றம்.

அடுத்து, எண்ணும் முறை. ஒரு மாதம் எழுதியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். முதலில் எழுதிய நாள்களை எண்ணுவோம். பிறகு எழுதாமல் விட்ட நாள்களை எண்ணுவோம். எழுதாத நாளும் ஒரு செய்திதான். அந்த நாள்கள் எங்கே விழுகின்றன? சம்பள நாளை ஒட்டியா? வீட்டில் சண்டை நடந்த மறுநாளா? வேலை மிகுந்த வாரத்திலா? இவற்றைப் பார்த்தால் நம் எழுத்துப் பழக்கம் எதைக் கண்டு ஓடி ஒளிகிறது என்பது விளங்கும்.

பிறகு மனநிலை எண்களுக்கு வருவோம். 1, 2 போட்ட நாள்களைச் சோர்ந்த நாள்கள் என்றும், 3, 4, 5 போட்டவற்றை நல்ல நாள்கள் என்றும் பிரித்துக்கொள்வோம். ஒரு தாயின் 30 நாள் குறிப்பைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். அவர் 6 மணி நேரத்திற்கும் குறைவாகத் தூங்கிய நாள்கள் 10. அந்தப் பத்தில் சோர்ந்த நாள்கள் 7, நல்லவை 3. போதிய அளவு தூங்கிய நாள்கள் 20. அந்த இருபதில் சோர்ந்தவை 4, நல்லவை 16. அஃதாவது, தூக்கம் குறைந்தபோது 70 விழுக்காடு சோர்வு. தூக்கம் நிறைந்தபோது 20 விழுக்காடு சோர்வு. "எனக்கு ராசி சரியில்லை" என்று எண்ணியிருந்த அந்தத் தாய்க்கு, ஆராய வேண்டிய இடம் எது என்று இப்போது தெரிந்துவிட்டது.

இங்கே நான்கு எண்களை எழுதினோம் என்பதைக் கவனியுங்கள். பலர் ஓர் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். "அமாவாசை வந்தால் எங்கள் வீட்டில் சண்டை வரும்" என்று சொல்வோர் உண்டு. அமாவாசையில் சண்டை வந்த நாள்களை மட்டும் அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 12 அல்லது 13 அமாவாசைதான் வருகின்றன. சண்டையில்லாத அமாவாசைகள் எத்தனை? அமாவாசை அல்லாத நாள்களில் வந்த சண்டைகள் எத்தனை? இவற்றையும் எண்ணினால்தான் நியாயமான தீர்ப்புச் சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கமும் சோர்வும் சேர்ந்து வருகின்றன என்றுதான் கணக்குக் காட்டியது. தூக்கம் குறைந்ததால் சோர்வு வந்ததா, மனத்தில் கவலை இருந்ததால் தூக்கம் குறைந்ததா என்பதைக் கணக்கு சொல்லாது. அதை அறிய ஒரு வழி உண்டு. ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். இரண்டு வாரம் இரவில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒரு மணி நேரம் முன்னதாக அணைத்துவிட்டுப் படுங்கள். மற்றவை பழையபடி இருக்கட்டும். பிறகு மறுபடியும் எண்ணிப் பாருங்கள்.

எண்களைப் போலவே சொற்களையும் எண்ணலாம். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்னும் உளவியல் அறிஞர் இத்துறையில் பெரிதும் உழைத்தவர். அவரும் சாண்ட்ரா பீல் என்பவரும் 1986ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். தங்கள் வாழ்வின் துயர நிகழ்ச்சியையும் அதனால் எழுந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்தவுடன் முன்னைவிட வருத்தமாகவே இருந்தார்கள். ஆனால், பின்வந்த மாதங்களில் நோய் என்று மருத்துவ நிலையத்திற்குச் செல்வது அவர்களிடையே குறைந்திருந்தது. பின்னர்ப் பலர் நடத்திய ஆய்வுகளில் இப்பயன் சிறிய அளவினது என்றும், எல்லாருக்கும் ஒன்றுபோல் கிட்டுவதில்லை என்றும் தெரிய வந்தது. ஆகவே, எழுத்து மருந்தாகாது. மனம் ஆறுவதற்கு ஒரு சிறு துணை என்று கொள்வதே முறை.

எழுதியவற்றைக் கணினியில் இட்டுச் சொற்களை எண்ணியபோது வேறு சில செய்திகளும் கிடைத்தன. "ஏனென்றால்", "இப்போது புரிகிறது" போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடிவந்தவர்கள் அதிக நன்மை அடைந்திருந்தார்கள். நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லாமல், ஏன் நடந்தது என்று அவர்கள் சிந்திக்கத் தொடங்கியதற்கு அது அடையாளம். 2004இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், மனச்சோர்வுற்ற மாணவர்கள் தங்கள் கட்டுரைகளில் "நான்" என்னும் சொல்லை மற்றவர்களைவிட அதிகமாக எழுதியிருந்தது தெரிந்தது. வேறுபாடு பெரிதன்று; ஆயினும் இருந்தது.

அந்த ஆய்வுகள் ஆங்கிலத்தில் எழுதியவர்களைப் பற்றியவை. தமிழில் அப்படியே "நான்" என்பதை எண்ணினால் கணக்குத் தவறும். "போனேன்", "அழுதேன்" என்று எழுதும்போது "நான்" என்பது வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொள்கிறது. தமிழில் எழுதுவோர் "ஏன்" என்று முடியும் வினைகளை ஒரு பக்கமும், "போனோம்", "சிரித்தோம்" என்று "ஓம்" முடிவு கொண்ட வினைகளை மறுபக்கமும் எண்ணிப் பார்க்கலாம். சென்ற மாதம் இருபது "ஓம்" இருந்த நோட்டில் இந்த மாதம் மூன்றுதான் இருக்கின்றது என்றால், ஏதோ ஒரு காரணத்தால் நாம் தனித்துப் போகிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம். இது கேள்விதான், தீர்ப்பன்று. மேலும், நம் மாதத்தை நம் மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அடுத்த வீட்டாரோடு ஒப்பிடுவது வீண் வேலை.

இக்காலத்தில் கைப்பேசியிலேயே நாட்குறிப்பு எழுதலாம். எண்ணும் வேலையைச் செயலியே செய்து, கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. வசதிதான். ஆனால், நாம் எழுதும் அந்தரங்கம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். ஒரு நோட்டும் பென்சிலும் அந்தக் கவலையைத் தருவதில்லை.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு துள்ளித் திரிந்த பிள்ளை, மலாய் மொழியில் பாடம் நடக்கும் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் பேச்சைக் குறைத்துவிடுவதுண்டு. "திமிர் பிடித்துவிட்டது", "சோம்பேறி ஆகிவிட்டான்" என்று நாம் ஏசுகிறோம். அந்தப் பிள்ளை நாட்குறிப்பு எழுதி எண்ணிப் பார்த்தால், சோர்ந்த நாள்கள் எல்லாம் செவ்வாயிலும் வியாழனிலும் விழுவது தெரிய வரலாம். அந்த இரண்டு நாளில் என்ன இருக்கிறது? புரியாத பாடமா? பேருந்தில் அடிக்கும் பையனா? "எனக்குப் பள்ளிக்கூடமே பிடிக்கவில்லை" என்ற பெரிய துயரம், "செவ்வாய்க்கிழமை பேருந்தில் எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சிறுத்துவிடுகிறது. பெரிய துயரத்தைக் கேட்டுத் திகைக்கும் தந்தை, இந்தச் சிறிய துயரத்திற்கு ஒரு வழி செய்துவிடலாம்.

ஆனால், பிள்ளையின் நோட்டைத் திருடிப் படிக்காதீர்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் பிள்ளைகளை நாட்குறிப்பு எழுதச் சொல்லும்போது, எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பதோடு நின்றுகொள்ள வேண்டும். யாரோ படிப்பார்கள் என்று தெரிந்தால் பிள்ளை பொய்தான் எழுதும். பொய்யை எண்ணி என்ன பயன்? "ஐயா, இந்த மாதம் உன் கணக்கு என்ன சொல்கிறது?" என்று கனிவாகக் கேளுங்கள். அது விரும்பியதைச் சொல்லட்டும்.

முடிவாக ஒன்று. எண்ணிப் பார்க்கும்போது, ஏறக்குறைய எல்லா நாளும் 1, 2 என்றே இரண்டு வாரம் தொடர்ந்து வந்திருந்தால், அதை விதி என்று விட்டுவிடக் கூடாது. அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் சென்று மருத்துவரையோ தாதியையோ பாருங்கள். "வாழ்ந்து என்ன பயன்" என்ற எண்ணம் எழுத்தில் வந்துவிட்டால், இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். அன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கமில்லை. இதற்கும் வெட்கம் வேண்டாம்.

அங்கே கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, "கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் மனம் சோர்ந்திருந்தது?" என்பதாக இருக்கும். வெறும் நினைவை நம்பிப் போனவர் விடை தெரியாமல் விழிப்பார். அல்லது "ஒன்றுமில்லை ஐயா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவார். நோட்டை எடுத்துச் சென்றவர், "பதினான்கில் பதினொன்று" என்று சொல்வார். அந்த ஓர் எண், தக்க வேளையில் தக்க உதவியை அவருக்குப் பெற்றுத் தரும்.

ஆகவே, இன்றிரவே தேதியைப் போட்டுத் தொடங்குவோம். நான்கு வரி, ஓர் எண். மாத முடிவில் எண்ணிப் பார்ப்போம்.