வாணமும் விண்கலமும்: ஆர்வலர் மரபும் மலையகமும்

விண்கலங்களின் வரலாறு பொதுவாக வல்லரசுகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1957 ஒக்ரோபர் 4இல் சோவியத் நாடு ஏவிய ஸ்புட்னிக்கும், 1969 யூலையில் அமெரிக்கர் நிலவில் இறங்கியமையும் அதன் மைல்கற்களாகக் கூறப்படுகின்றன. ஆயினும் இத்துறைக்கு அடித்தளமிட்டோருட் பலர் கைவினைஞரும் பாடசாலை ஆசிரியரும் ஓய்வுநேர ஆர்வலருமே. மலையகத்திலிருந்து நோக்குமிடத்து இவ்வுண்மை தனி முக்கியத்துவம் பெறுகின்றது.

தோட்டக் கோயில் திருவிழாவில் எழும் வாணமும், நிலவுக்குச் சென்ற கலமும் ஒரே விதிக்கு அமைவன. வாயு பின்னோக்கி வெளியேற, அதன் மறுதாக்கத்தால் கலம் முன்னோக்கித் தள்ளப்படுகின்றது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்து மைசூர்க் கைவினைஞர் வெடிமருந்தை இரும்புக் குழாயில் அடைத்து மூங்கிற் கழியிற் பிணைத்தனர். கடதாசிக் குழாயினும் இரும்பு கூடிய அமுக்கத்தைத் தாங்கியமையால் வாணத்தின் வீச்சுப் பெருகிற்று. 1780இல் காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள பொள்ளிலூரில் கும்பனிப் படை இதன் வலிமையை உணர்ந்தது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், இவ்வாணங்கள் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றைத் தழுவி வில்லியம் கொங்கிறீவ் தமது உந்துகணையை ஆக்கினார். கொங்கிறீவின் பெயர் நிலைத்தது; மைசூர்க் கைவினைஞரின் பெயர்கள் நிலைக்கவில்லை. உழைத்தோர் மறக்கப்படுவது மலையகத்தார்க்குப் புதிதன்று.

ரஷ்யாவின் கலூகா நகரில் பாடசாலை ஆசிரியராயிருந்த சியோல்கோவ்ஸ்கி, விண்பயணத்துக்கான கணித அடிப்படையை 1903இல் வெளியிட்டார். வாயு வெளியேறும் வேகமும், எரிபொருள் நிறைந்த கலத்துக்கும் வெறுங்கலத்துக்குமிடையிலான திணிவு விகிதமுமே கலம் பெறும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். 1926 மார்ச் 16இல் அமெரிக்காவில் கொடார்ட் ஏவிய முதலாவது திரவ எரிபொருட் கணை இரண்டரை விநாடியே பறந்து, ஏறத்தாழ 12 மீற்றர் உயர்ந்தது. 1927இல் ஜேர்மனியில் ஆர்வலர் சங்கமொன்று தோன்றிற்று. இளைஞரான வேர்னர் வொன் பிரவுன் அதிற் சேர்ந்தார். ஆர்வலரின் கனவு இராணுவத்தின் கைக்கு மாறியபோது வி-2 ஏவுகணை பிறந்தது. அதனை ஆக்குவதற்கு வதைமுகாம் கைதிகள் அடிமைகளாக உழைப்பிக்கப்பட்டதை நாம் மறத்தலாகாது.

1933இல் லிவர்பூலில் தோன்றிய பிரித்தானியக் கோளிடைச் சங்கத்துக்கு 1875ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டம் தடையாயிற்று. கணை ஏவ இயலாத அவ்வார்வலர் கடதாசியையும் கணிதத்தையும் நாடி, 1939இல் நிலவுக்குச் செல்லும் கலமொன்றின் திட்டத்தை வெளியிட்டனர். அச்சங்கத்தின் தலைவராகவும் விளங்கிய ஆதர் சி. கிளாக் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தார். 1979இல் வெளிவந்த அவரது நாவலில், கணைகளின்றி விண்ணுக்கு ஏற்றும் உயர்த்தியொன்று மலையுச்சியிலிருந்து எழுகின்றது. அம்மலைக்கு மாதிரி, மஸ்கெலியாத் தேயிலைச் சரிவுகளுக்கு மேல் தோன்றும் சிவனொளிபாதமலையே.

ஆர்வலரை இத்துறைபால் ஈர்ப்பது யாது? தாளிற் கணித்தது வானில் மெய்ப்படுவதைத் தம் கண்ணாற் காணும் மகிழ்ச்சியே எனலாம். ஆனால் அம்மகிழ்ச்சிக்கு ஓய்வும் நூலும் கல்வியும் வேண்டும். ஸ்புட்னிக் உலகைச் சுற்றிய 1957இல், தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக நாடற்றோராயிருந்தனர். தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. 1970களிலேதான் அவை அரசின் பொறுப்பில் வரத் தொடங்கின. இத்தகைய நிலையில் இங்கு விண்வெளி ஆர்வலர் மரபு வேரூன்றாமைக்கு ஆற்றலின்மையைக் காரணம் காட்டுவது பொருந்தாது. வாய்ப்பு மறுக்கப்பட்டமையே காரணம்.

அம்மரபைத் தொடங்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வெற்றுப் பிளாஸ்ரிக் போத்தலொன்றில் மூன்றிலொரு பங்கு நீர் விட்டு, றப்பர் அடைப்பான் வழியே சைக்கிள் பம்பினாற் காற்றைச் செலுத்தினால், நீர் கீழே பீறிடப் போத்தல் மேலெழும். ஆசிரியரின் மேற்பார்வையில், மாணவர் விலகி நிற்க, திறந்த வெளியில் இதனைச் செய்யலாம், வெடிமருந்து தேவையில்லை. நீரின் அளவை மாற்றி, எழும் உயரத்தை அளந்து, வரைபடமாக்கும் மாணவர் சியோல்கோவ்ஸ்கி எழுப்பிய வினாவையே தம் அளவில் எழுப்புகின்றனர். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் உள்ள தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் கோருவது சலுகை வேண்டலன்று; விஞ்ஞான வரலாற்றில் இம்மக்களுக்குரிய பங்கைக் கோருவதேயாகும்.