“இந்தக் கைபேசியில் இது இயங்குமா?”

பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் உபுண்டு இயங்குதளம் இடம்பெற்றுள்ளது. அந்தப் பாடம் முடிந்த நாளில் ஒரு மாணவி, “சார், எங்க வீட்டுக் கைபேசியிலும் உபுண்டுவைப் போட முடியுமா?” என்று கேட்டாள். கைபேசிக்கென ‘உபுண்டு டச்’ என்ற திறந்த மூல இயங்குதளம் இருப்பதை அறிவேன். ஆனால், அவள் வீட்டுக் கைபேசியில் அது இயங்குமா என்பதற்கு என்னிடம் விடையில்லை. இருவரும் அதன் இணையதளத்தைத் திறந்தோம்.

இணையதளமே கடை

நாம் வாங்கும் கைபேசிகளில் பெரும்பாலானவற்றில் ஆண்ட்ராய்டு முன்பே நிறுவப்பட்டிருக்கும். திறந்த மூல இயங்குதளத்தையோ பெரும்பாலும் நாமே நிறுவிக்கொள்ள வேண்டும். அதற்குத் தொலைக்காட்சி விளம்பரம் இல்லை. விளக்கிச் சொல்லக் கடைக்காரரும் இல்லை. அதன் இணையதளமே கடை, விளம்பரப் பலகை, கையேடு எல்லாம்.

விளம்பரம் மட்டும் போதுமா?

உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம், 2013ஆம் ஆண்டு ஜனவரியில் கைபேசிக்கான உபுண்டுவை அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் ‘உபுண்டு எட்ஜ்’ என்னும் கைபேசியைத் தயாரிக்க, இணையம்வழி 3.2 கோடி டாலர் திரட்ட முனைந்தது. உலகமே பேசிய அம்முயற்சியில் சுமார் 1.28 கோடி டாலர் சேர்ந்தது. இலக்கை எட்டாததால் அந்தக் கைபேசி வெளிவரவில்லை. 2017 ஏப்ரலில் நிறுவனம் கைபேசித் திட்டத்தையே கைவிட்டது. யுபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வலர் குழு அதை ஏற்று இன்றுவரை நடத்தி வருகிறது.

குறையையும் சொல்லும் பக்கம்

பெரிய விளம்பரத்துக்குப் பணமில்லாத இக்குழுவின் தளத்தில் என்னைக் கவர்ந்தது கைபேசிகளின் பட்டியல்தான். ஒரு கைபேசியைத் தேர்ந்தெடுத்தால் அழைப்பு, கேமரா, வைஃபை, ஜிபிஎஸ் என ஒவ்வொன்றும் அதில் வேலை செய்கிறதா, பகுதியளவில் செய்கிறதா, செய்யவில்லையா என்று குறித்திருக்கிறார்கள். விற்க நினைப்பவர் குறையை மறைப்பார். இங்கே குறையைச் சொல்வதே நம்பிக்கையை வளர்க்கிறது. கேமரா இயங்காது என்று முன்பே அறிந்து நிறுவுபவர் ஏமாந்ததாக நினைக்கமாட்டார். குறையைச் சரிசெய்யத் தெரிந்தவர் உதவிக்கும் வரலாம்.

எப்படி மாற்றியமைப்பது?

மென்பொருளை எழுதியவர்களே தளத்தையும் அமைத்தால் ஒரு சிக்கல் உண்டு. அவர்களுக்கு எல்லாம் தெரியும். புதியவருக்கு எது தெரியாது என்பதுதான் தெரியாது. பாடத்தை நன்கறிந்த நாமும் சில வேளை மாணவரின் முதல் ஐயத்தைத் தவறவிடுகிறோம் அல்லவா?

எனவே முகப்புப் பக்கம் மூன்று கேள்விகளுக்கு உடனே விடை தர வேண்டும். இது என்ன? என் கைபேசியில் இயங்குமா? நிறுவினால் எதை இழப்பேன்? மூன்றாவது கேள்வியே பெரும்பாலும் விடுபடுகிறது. புதிய இயங்குதளத்தை நிறுவும்போது பொதுவாகக் கைபேசியில் உள்ள படங்களும் தகவல்களும் அழிந்துவிடும். பழகிய ஆண்ட்ராய்டு செயலிகள் உபுண்டு டச்சில் நேரடியாக இயங்கா. இவற்றை ‘நிறுவுக’ என்ற பொத்தானுக்கு முன்பே சொல்ல வேண்டும்.

மாற்றியமைத்த பக்கத்தைப் புதியவர் ஒருவரிடம் கொடுத்து, குறுக்கிடாமல் கவனிக்க வேண்டும். அவர் தயங்கும் இடமே திருத்த வேண்டிய இடம். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று இத்துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார்.

வகுப்பறையில்

இதற்குக் கணினிகூடத் தேவையில்லை. நம் பள்ளியின் மாணவர் சேர்க்கைத் துண்டறிக்கையை ஐந்து பெற்றோரிடம் கொடுத்து, “என்னென்ன சான்றிதழ் கொண்டுவர வேண்டும்?” என்று மாணவர்களைக் கேட்கச் சொல்லலாம். விடை தேடும் கண்கள் எங்கே நிற்கின்றன என்று குறித்து, அறிக்கையைத் திருத்தி எழுதச் செய்யலாம். தமிழ்ப் பாடமும் கணினிப் பாடமும் அங்கே ஒன்றுசேரும்.

அந்த மாணவியின் கைபேசி பட்டியலில் இல்லை. அவள் முகம் சற்று வாடியது. ஆனால், அந்த வீட்டில் இருப்பது அந்த ஒரே கைபேசிதான். பொருந்தாத ஒன்றை நிறுவி அது முடங்கியிருந்தால், அப்பாவுக்கு வேலைக்கான அழைப்புகூட வந்திருக்காது. “இல்லை” என்று தெளிவாகச் சொன்ன அந்தப் பக்கம் அன்று அவளுக்கு நல்லதே செய்தது.